சிறுவயதில் பார்த்த படங்களையும் தொடர்களையும் மறுபடி பார்ப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

சிறுவயதில் பார்த்து மனத்தில் தங்கிவிட்ட ஒரு படத்தை இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து மறுபடி பார்க்க உட்காருகிறவர் முன்னால் இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்று திரையில் ஓடப்போவது; தேடினால் அது நாளையும் கிடைக்கும். மற்றொன்று அவர் நினைவில் இருப்பது; பாதி மறந்து, பாதி தானாகச் சேர்த்துக்கொண்டு, அந்த வயதின் பயங்களும் ஆசைகளும் கலந்து உருவான அந்தப் படத்துக்கு உலகில் வேறு பிரதி கிடையாது. மறுபடி பார்ப்பது பெரும்பாலும் முதல் படத்தைப் பெற்றுக்கொண்டு இரண்டாவதை இழப்பதில் முடிந்துவிடுகிறது. இரண்டையும் வைத்துக்கொள்ள வழி உண்டு. அதற்குத் தேவையானது கொஞ்சம் முன்னேற்பாடு.

இதை நான் ஒரு படத்தை இழந்த பிறகே கற்றுக்கொண்டேன். ஏழு வயதில் பார்த்த ஒரு படத்தில் நீண்ட மரப்படிக்கட்டு ஒன்று வரும். அதன் உச்சியில் நீல வெளிச்சத்தில் ஒரு கதவு பாதி திறந்திருக்கும். அந்தப் படிக்கட்டு பல ஆண்டுகள் என் கனவில் வந்தது. பெரியவனான பிறகு ஓர் இரவு அந்தப் படம் தற்செயலாகக் கண்ணில் பட்டது. யோசிக்காமல் போட்டுப் பார்த்தேன். படிக்கட்டும் வந்தது. மொத்தம் எட்டுப் படிகள், மேலே சாதாரண மஞ்சள் விளக்கு. படம் நன்றாகவே இருந்தது. ஆனால் மறுநாள் முதல் இன்றுவரை எவ்வளவு முயன்றாலும் அந்த நீலப் படிக்கட்டு என் மனக்கண்ணில் வருவதில்லை. எட்டுப் படிகளே வருகின்றன. நீலமாக இருந்தது என்ற தகவல் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

முதல் படி: பார்ப்பதற்கு முன்பு எழுதிவிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். நினைவு என்பது பெட்டகத்தில் வைத்த பொருளைப் போல மாறாமல் கிடப்பதில்லை. பிரிட்டன் உளவியலாளர் ஃப்ரெட்ரிக் பார்ட்லெட் 1932-ல் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு கதையைப் படித்தவர்கள் அதை மறுபடி சொல்லும்போது, புரியாத இடங்களை விட்டுவிட்டும், தங்களுக்குத் தெரிந்த உலகத்துக்கு ஏற்பத் திருத்தியும் சொன்னதைக் காட்டினார். 2000-ஆம் ஆண்டில் எலிகளைக் கொண்டு நடத்தப்பட்ட புகழ்பெற்ற ஆய்வு ஒன்று இன்னும் ஒரு படி மேலே சென்றது: உறுதியாகப் பதிந்துவிட்ட ஒரு பய நினைவுகூட, மறுபடி எழுப்பப்படும்போது சிறிது நேரம் இளகி, மாற்றத்துக்கு உள்ளாகக்கூடிய நிலைக்கு வருகிறது என்று அது கண்டது. எழுப்பப்பட்ட நினைவின் மீது அசல் காட்சி கூர்மையாக வந்து விழும்போது எது வெல்லும் என்பதை என் படிக்கட்டு எனக்குச் சொல்லிவிட்டது.

ஆகவே ஒரு நோட்டை எடுத்து, அரைமணி நேரம் ஒதுக்கி, நினைவில் உள்ள படத்தை எழுதுங்கள். சுவரொட்டியையோ முன்னோட்டத்தையோ விக்கிப்பீடியாவில் உள்ள கதைச்சுருக்கத்தையோ அதற்கு முன் பார்க்க வேண்டாம். ஒரே ஒரு காட்சி கண்ணில் பட்டாலும் நினைவில் உள்ள மற்றவை அதன் நிறத்துக்கு மாறத் தொடங்கிவிடும். கதையை வரிசையாகச் சொல்ல முயலவும் வேண்டாம். வரிசைப்படுத்தும்போது இடையில் உள்ள ஓட்டைகளை இன்றைய அறிவு நிரப்பிவிடும். எந்தக் காட்சி முதலில் வருகிறதோ அதை எழுதுங்கள். அதில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, யார் எந்த நிறத்தில் உடுத்தியிருந்தார்கள், என்ன ஒலி கேட்டது, எந்த வசனம் அப்படியே நினைவில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக இறங்குங்கள். பிறகு திரைக்கு இந்தப் பக்கம் வாருங்கள்: எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், பக்கத்தில் யார், அவர்கள் எந்த இடத்தில் சிரித்தார்கள், எந்த இடத்தில் உங்களை வெளியே போகச் சொன்னார்கள், எப்போது கண்ணை மூடிக்கொண்டீர்கள். படத்தில் அன்று புரியாமல் போன இடம் எது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். பின்னால் மிகவும் பயன்படப்போவது அந்த வரிதான். ஒவ்வொரு குறிப்பின் ஓரத்திலும் அது உறுதியா, மங்கலா, பிறர் சொல்லிக் கேட்டதா என்று ஒரு சொல் போட்டு வையுங்கள்.

அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தீர்கள் என்பதும் முக்கியம். ஒரே முறை பார்த்த படத்தின் நினைவும், வீடியோ நாடாவில் பதிந்து வைத்து நாற்பது முறை பார்த்த படத்தின் நினைவும் வெவ்வேறு வகையைச் சேர்ந்தவை. முன்னதில் துண்டுக் காட்சிகள் தனித்தனியாக மிதக்கும். பின்னதில் எல்லாம் கலந்து ஒரே தைப்பாக இருக்கும், எந்தக் காட்சியை எந்த வயதில் கவனித்தோம் என்று பிரிக்க முடியாது. வயதையும் பாருங்கள். ஏறக்குறைய மூன்றரை வயதுக்கு முந்தைய நிகழ்ச்சிகள் பெரியவர்களின் நினைவில் தங்குவது அரிது. இரண்டு வயதில் பார்த்த படத்தை நன்றாக நினைவிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அவர் அதைப் பின்னொரு முறை பார்த்திருக்கவோ, வீட்டார் சொல்லிக் கேட்டிருக்கவோ வாய்ப்பு அதிகம்.

கூடப் பிறந்தவர்களோ பழைய நண்பர்களோ அதே படத்தைப் பார்த்திருந்தால், பேசிக்கொள்வதற்கு முன்னால் ஆளுக்கொரு தாளில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். முதலில் பேசிவிட்டால், உரக்கவும் உறுதியாகவும் சொல்பவரின் நினைவு எல்லோருடைய நினைவாகிவிடும். என் அக்காவும் நானும் ஒரு தொடரைப் பற்றி இப்படி எழுதிப் பார்த்தபோது, இருவரும் ஒரே அறையில் பார்த்த அந்தத் தொடரின் நாயகிக்கு அவர் தாளில் ஒரு தங்கை இருந்தாள், என் தாளில் ஒரு நாய் இருந்தது. இருவருக்கும் நினைவிருந்த ஒரே பொதுவான பொருள் ஒரு சிவப்புக் குடை.

இரண்டாம் படி: எதிலிருந்து தொடங்குவது

மிகவும் நேசிக்கும் படத்திலிருந்து தொடங்காதீர்கள். பிடித்திருந்தது, ஆனால் உயிருக்கு நிகரில்லை என்று சொல்லத்தக்க ஒன்றை முதலில் எடுங்கள். எழுதுவதும் பார்ப்பதும் ஒப்பிடுவதும் பழக வேண்டிய வேலைகள். அவற்றை விலைமதிப்பற்ற ஒன்றின் மீது முதன்முதலாகச் செய்து பார்ப்பது கூடாது.

தொலைக்காட்சித் தொடர் என்றால் முழுவதையும் பார்க்க வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு முறை, ஒரு வார இடைவெளியில் பார்ப்பதற்காக எழுதப்பட்ட தொடர்களில் ஒவ்வொரு பகுதியும் பழைய செய்தியை மறுபடி சொல்லியே தொடங்கும். அவற்றை ஒரே இரவில் வரிசையாகப் பார்த்தால் அந்தத் திரும்பச் சொல்லலே சலிப்பாகி, தொடர் மோசமானது என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். மூன்று பகுதிகள் போதும்: முதல் பகுதி, நன்றாக நினைவுள்ள ஒரு பகுதி, சற்றும் நினைவில்லாத ஒரு பகுதி. அவற்றுக்கிடையே சில நாள் விடுங்கள். அந்தக் காத்திருப்பும் அன்றைய அனுபவத்தின் பகுதிதான்.

பெயரே நினைவில்லாத படங்கள் எல்லோரிடமும் ஒன்றிரண்டு இருக்கும். அவற்றுக்கு உங்கள் குறிப்பிலிருந்து கதையைத் தேடுவதைவிட, பார்த்த காலத்தைத் தேடுவது பலன் தரும். எந்த வகுப்பில் படித்தீர்கள், எந்த வீட்டில் இருந்தீர்கள், எந்தக் கிழமையில் எந்த நேரத்தில் ஒளிபரப்பானது என்று ஆண்டைக் குறுக்கிவிட்டால், நூலகங்களில் உள்ள பழைய நாளிதழ்களின் தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரல்கள் பெயரைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாம் படி: நீங்கள் பார்த்த அதே பிரதிதானா?

இங்கேதான் பலரும் அறியாமல் ஏமாறுகிறார்கள். படம் மாறிவிட்டது, நம் நினைவு பொய்யானது என்று முடிவு கட்டுவதற்கு முன், திரையில் ஓடுவது நாம் பார்த்த பிரதிதானா என்று கேட்க வேண்டும். பல சமயங்களில் அது வேறு பிரதியாகவே இருக்கும்.

சில படங்களை அவற்றை எடுத்தவர்களே மாற்றியிருக்கிறார்கள். 1977-ல் வெளிவந்த முதல் ஸ்டார் வார்ஸ் படம் 1997-ல் கணினியில் உருவாக்கிய புதிய காட்சிகளோடு மறுவெளியீடு கண்டது. அதன் பிறகு பரவலாகக் கிடைப்பவை பெரும்பாலும் மாற்றப்பட்ட பிரதிகளே. 1982-ல் வந்த இ.டி. படத்தில் சிறுவர்களைத் துரத்தும் அதிகாரிகள் கையில் துப்பாக்கி இருந்தது. 2002-ல் வந்த இருபதாம் ஆண்டுப் பதிப்பில் அது வாக்கி-டாக்கியாக மாற்றப்பட்டது. இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் பின்னாளில் அந்த மாற்றத்துக்காக வருந்தினார். 2012-ல் வந்த ப்ளூ-ரே வட்டில் பழைய பிரதியே இடம்பெற்றது. ஆகவே துப்பாக்கியைப் பார்த்ததாகச் சொல்லும் அண்ணனும் வாக்கி-டாக்கியைப் பார்த்ததாகச் சொல்லும் தம்பியும் இருவருமே உண்மை சொல்பவர்களாக இருக்கலாம்.

திரையின் வடிவம் அடுத்தது. பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் 4-க்கு 3 என்ற விகிதத்தில், ஏறத்தாழச் சதுரமாக எடுக்கப்பட்டவை. இன்றைய திரைகள் 16-க்கு 9. அகன்ற திரையை நிரப்புவதற்காகப் படத்தின் மேலும் கீழும் வெட்டிவிடுவது உண்டு. 2019-ல் டிஸ்னி பிளஸ் தளம் தி சிம்ப்ஸன்ஸ் தொடரின் பழைய பகுதிகளை இப்படி வெட்டி வெளியிட்டபோது, மூன்று வகை பீர் என்று பெயர் எழுதிய மூன்று கலன்களும் மேலே ஒரே குழாயிலிருந்து நிரம்புவதைக் காட்டும் நகைச்சுவையில், அந்தக் குழாயே காணாமல் போயிருந்தது. பார்வையாளர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2020-ல் பழைய வடிவத்திலும் பார்க்கும் வசதி தரப்பட்டது. சிரித்த இடம் நினைவிருந்து இன்று சிரிப்பு வரவில்லை என்றால், சட்டகத்தின் ஓரங்களைச் சந்தேகிப்பதே முதல் வேலை.

நேர்மாறானதும் நடக்கும்: அன்று நாம் பார்த்ததே குறையாக இருந்திருக்கும். 1939-ல் வெளிவந்த தி விசார்ட் ஆஃப் ஓஸ் படத்தில், பழுப்பு ஒற்றை நிறத்தில் இருந்த உலகம், சிறுமி டோரத்தி கதவைத் திறந்து வெளியே வந்ததும் முழு வண்ணத்துக்கு மாறும். அந்தப் படம் 1956-ல் முதன்முதலாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது பெரும்பாலான வீடுகளில் இருந்தவை கறுப்பு வெள்ளைப் பெட்டிகள். அந்தக் குழந்தைகளுக்குக் கதவு திறந்தது, வண்ணம் வரவில்லை. தாங்கள் தவறவிட்டது என்ன என்பது பல ஆண்டுகள் கழித்தே அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மறுபடி பார்ப்பதில் இப்படிப்பட்ட பரிசுகளும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இசையில் ஒரு நுட்பம் இருக்கிறது. படச்சுருள் நொடிக்கு 24 சட்டகங்கள், அதாவது 24 தனித்தனி நிலைப்படங்கள், என்ற வேகத்தில் ஓடும். திரையில் படத்தை 625 கிடைக்கோடுகளாக வரையும் முறையைப் பின்பற்றிய நாடுகளில் தொலைக்காட்சி நொடிக்கு 25 சட்டகங்கள் காட்டியதால், படத்தைச் சுமார் 4 சதவீதம் வேகமாக ஓட்டியே ஒளிபரப்பினார்கள். வீட்டு நாடாக்களிலும் டிவிடிகளிலும் அதுவே நடந்தது. 120 நிமிடப் படம் ஏறக்குறைய 115 நிமிடத்தில் முடிந்தது. குரல்களும் பாட்டுகளும் ஓர் அரைச்சுரத்துக்கு (பியானோவில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையே உள்ள தூரத்துக்கு) சற்றுக் குறைவான அளவு உயர்ந்து ஒலித்தன. அப்படிப் பார்த்து வளர்ந்தவர் இன்று அதே படத்தை ப்ளூ-ரேயில் சரியான வேகத்தில் கேட்டால் பாட்டு கனமாக, ஏதோ களைத்தது போலத் தோன்றும். காது தவறு செய்யவில்லை.

இவை எல்லாவற்றையும்விட ஆழமாகத் தாக்குவது குரல். டப்பிங் செய்யப்பட்ட மொழியில் ஒரு தொடரைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்தப் பாத்திரத்தின் குரல் டப்பிங் கலைஞரின் குரல்தான். மூலமொழிப் பிரதி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது அன்னியமாகவே ஒலிக்கும். மூலமே உயர்ந்தது என்று பெரியவர்களாகிய நாம் கற்றுக்கொண்டிருக்கிறோம். மறுபடி பார்க்கும் வேலைக்கு அது பொருந்தாது. நீங்கள் கேட்ட குரல் உள்ள பிரதியை முதலில் தேடுங்கள். மூலத்தை இரண்டாவது முறை பார்க்கும்போது வைத்துக்கொள்ளலாம். ஒரே படத்துக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கலைஞர்கள் டப்பிங் செய்திருப்பதும் உண்டு என்பதால், முதல் ஐந்து நிமிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் பழைய நாடா இருந்தால் அதுவே மிக நெருக்கமான பிரதி. இடையில் வரும் விளம்பரங்கள், அறிவிப்பாளர் குரல், தொடக்கம் தவறிப்போய் நடுவிலிருந்து பதிவானது என எல்லாமே நீங்கள் பார்த்ததன் பகுதி. ஆனால் நாடாவின் மீது வெண்மையான பூஞ்சை படிந்திருந்தால் அதை இயந்திரத்தில் போடாதீர்கள். நாடாவும் கெடும், இயந்திரமும் கெட்டு அடுத்த நாடாவுக்கும் பரவும். நல்ல நிலையில் உள்ளதையும் விளையாட்டாகப் பலமுறை ஓட்டிப் பார்க்காமல், முதல் ஓட்டத்திலேயே டிஜிட்டலாக மாற்றி, விளம்பரங்களை வெட்டாமல், இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.

சில நிகழ்ச்சிகள் இனிக் கிடைக்கவே கிடைக்கா. நாடா விலை அதிகமாக இருந்த காலத்தில் நிலையங்கள் பழைய நிகழ்ச்சிகளை அழித்துவிட்டு அதே நாடாவில் புதியவற்றைப் பதிந்தன. பிபிசி நிறுவனமே 1970-களின் பிற்பகுதி வரை இப்படிச் செய்ததால், டாக்டர் ஹூ என்ற அறிவியல் புனைவுத் தொடரின் 1960-களைச் சேர்ந்த பல பகுதிகள் காட்சியாக இல்லை. அவற்றின் ஒலி மட்டும் முழுவதும் பிழைத்திருக்கிறது; காரணம், சில ரசிகர்கள் ஒளிபரப்பின்போதே வீட்டில் ஒலியைப் பதிந்து வைத்திருந்தார்கள். உங்கள் நிகழ்ச்சி இந்த வகையைச் சேர்ந்தது என்று தெரியவந்தால், முதல் படியில் எழுதிய குறிப்பு வெறும் தனிப்பட்ட நினைவாக இருக்காது. இருக்கும் ஒரே பதிவாகவும் அது இருக்கக்கூடும்.

நான்காம் படி: திரையும் இடமும்

தொலைக்காட்சியின் அமைப்புகளில் அசைவை மென்மையாக்கும் வசதி ஒன்று இருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. அதை நிறுத்திவிடுங்கள். இல்லாத சட்டகங்களை அது இடையில் செருகுவதால் எந்தப் பழைய படமும் நேற்று எடுத்தது போலத் தெரியும். படத்தை அகலமாக நீட்டும் அமைப்பையும், கூர்மையைக் கூட்டும் அமைப்பையும் நிறுத்துங்கள். பக்கவாட்டில் கறுப்புப் பட்டைகள் இருந்தால் இருக்கட்டும்.

மிகப் பெரிய திரை தேவையில்லை. பின்புறம் பருத்த பழைய பெட்டித் தொலைக்காட்சிக்காகத் தயாரிக்கப்பட்ட படம் பெரிய திரையில் பிசிறடிக்கும்; ஒப்பனையின் விளிம்பும் பொம்மையைத் தூக்கும் கம்பியும் தெரியும். அவை தெரியாது என்று நம்பியே அன்று எடுத்தார்கள். சிறிய திரையில், அறை விளக்கைக் குறைத்துப் பாருங்கள். தரையில் உட்கார்ந்து, திரையைச் சற்று அண்ணாந்து பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்வேன். குழந்தையின் கண் இருந்த உயரம் அது. நாற்காலியிலிருந்து பார்க்கும்போது சிறியதாகிவிட்ட அறைகளும் மனிதர்களும் அங்கிருந்து பார்க்கும்போது கொஞ்சம் பெரிதாகிறார்கள்.

ஐந்தாம் படி: முதல் முறை பார்க்கும்போது

தனியாகப் பாருங்கள், கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, நிறுத்தாமல். குறிப்போடு ஒப்பிடும் வேலையை இப்போது செய்ய வேண்டாம். நோட்டை மூடி வையுங்கள். முதல் கால்மணி நேரம் பெரும்பாலும் கடினமாகவே இருக்கும். வெட்டுகள் மெதுவாக வரும், நடிப்பு மிகையாகத் தெரியும், கையைத் தூக்கி அடுத்த காட்சிக்குப் போகலாமா என்று தோன்றும். கண் பழகிக்கொள்ளும் நேரம் அது. அதைக் கடந்துவிட்டால் படம் தன் வேகத்துக்குள் உங்களை இழுத்துக்கொள்ளும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அறிவுக்கு முன்னால் உடல் எந்த இடத்தில் அசைகிறது என்பது. காட்சி வருவதற்குச் சில நொடிகளுக்கு முன்னரே இசை மாறும். அந்த இசைக்கு வயிறு இறுகும், அல்லது காரணம் தெரியாமல் கண் கலங்கும். எழுதும்போது நினைவுக்கு வராத அந்த இடம் உடலில் இருந்திருக்கிறது. இரண்டாவது, கண் யாரோடு போகிறது என்பது. அன்று ஓடிப்போன சிறுவனோடு ஓடிய நாம், இன்று வாசலில் நின்றுவிட்ட அவன் தாயிடம் நின்றுவிடுகிறோம். அன்று எரிச்சலூட்டிய கண்டிப்பான ஆசிரியர் இன்று களைத்துப்போன மனிதராகத் தெரிகிறார். இந்த இடம்பெயர்வு எந்தக் காட்சியில் நடக்கிறது என்பதை மட்டும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: ஒப்பிடுதல்

ஒரு நாள் கழித்து நோட்டைத் திறந்து பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். படத்திலும் இருந்து நினைவிலும் இருந்தவை ஒரு பக்கம். நினைவில் இருந்து படத்தில் இல்லாதவை ஒரு பக்கம். படத்தில் இருந்து நினைவில் இல்லாதவை ஒரு பக்கம்.

முதல் பகுதியை விரைவாகக் கடந்துவிடலாம். இரண்டாவதில் நிதானமாக இருங்கள், ஏனென்றால் அது முழுக்க முழுக்க உங்கள் படைப்பு. 1942-ல் வந்த பாம்பி படத்தில் மான்குட்டியின் தாய் சுடப்படுவது திரையில் காட்டப்படவே இல்லை. துப்பாக்கி ஒலி கேட்கிறது, குட்டி ஓடுகிறது, பிறகு பனியில் தாயைத் தேடுகிறது, அவ்வளவுதான். படம் பார்க்கும் குழந்தையின் மனம் மற்றதை வரைந்துகொள்கிறது. உங்கள் பட்டியலில் உள்ள இல்லாத காட்சி ஒவ்வொன்றுக்கும் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். வேறு படத்திலிருந்து ஒட்டிக்கொண்டதா? மறுநாள் பள்ளியில் நண்பர்களோடு விளையாடியபோது நீங்களே சேர்த்த காட்சியா? படத்தில் இல்லாத அந்த நாய், அன்று பக்கத்து வீட்டில் இருந்த நாயா? எழுதியதை அடிக்காதீர்கள், தவறு என்று திருத்தாதீர்கள். அது எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் பக்கத்தில் குறியுங்கள். நாங்கள் சிவப்புக் குடையைத் தேடிக்கொண்டு அந்தத் தொடரின் முதல் பகுதியைப் பார்த்தோம், குடை வரவில்லை. அது எங்கள் அம்மாவின் குடை என்று அக்காவுக்குத் தோன்றுகிறது. எனக்கு இன்னும் உறுதியில்லை.

மூன்றாவது பகுதியில் பெரியவர்களின் உலகம் இருக்கும். கடன், நோய், திருமணத்தில் விரிசல், வேலை போவது என்று கதையை உண்மையில் நகர்த்தியவை எல்லாம் பெரும்பாலும் அங்கே வந்து சேரும். முதல் படியில் எழுதிய புரியாத இடத்தின் விடையும் இங்கேதான் கிடைக்கும். வணிகமும் தெரியவரும். அமெரிக்காவில் 1980-களில் வெளிவந்த பல கார்ட்டூன் தொடர்கள் பொம்மைகளை விற்பதற்காகவே உருவானவை. ஹீ-மேன் பொம்மைகள் 1982-ல் கடைக்கு வந்தன, தொடர் 1983-ல் வந்தது. எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளால் விளம்பரத்தின் நோக்கத்தைப் புரிந்துகொள்ள முடிவதில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு 2004-ல் சொன்னது. அதை அறிந்ததும் நேசம் பொய்யாகிவிடாது. விற்பதற்காகச் செய்யப்பட்ட ஒரு பொருளிலிருந்து துணிவையும் தோழமையையும் எடுத்துக்கொண்டது அந்தக் குழந்தையின் திறமை.

ஏமாற்றம், உறுத்தல், பயம்

படம் சுமாராக இருப்பது ஒரு வகை ஏமாற்றம். அதற்கு மருந்து தேவையில்லை. நேசித்த படத்தில் ஓர் இனத்தையோ சமூகத்தையோ பெண்களையோ உடற்குறை உள்ளவர்களையோ இழிவாகக் காட்டியிருப்பதைக் காண்பது வேறு. அதை நாம் அன்று பார்த்துச் சிரித்திருக்கிறோம் என்பதுதான் தைக்கிறது. டிஸ்னி பிளஸ் தளம் 2020-ல் பழைய படங்கள் சிலவற்றின் தொடக்கத்தில், அந்தச் சித்திரிப்புகள் அன்றும் தவறு, இன்றும் தவறு என்று நேரடியாகச் சொல்லும் அறிவிப்பைச் சேர்த்தது. அந்த வாசகத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தாண்டிவிடுவது, அந்தக் காலத்திலேயே அதனால் புண்பட்டவர்களை இல்லாதவர்களாக்குகிறது. அதே சமயம் சிரித்த ஏழு வயதுக் குழந்தையைக் குற்றவாளியாக்க வேண்டியதில்லை. எந்தக் காட்சி, எதற்குச் சிரித்தோம், அது நமக்குள் என்ன விட்டுச்சென்றது என்று குறித்து வைப்பது கடினம், ஆனால் நேர்மையானது.

பயம் இன்னொன்று. 1999-ல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், பத்தில் ஒன்பது பேர் சிறுவயதிலோ பதின்வயதிலோ பார்த்த ஏதோ ஒரு காட்சியால் கடுமையாகப் பயந்ததை நினைவுகூர்ந்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அந்தப் பதற்றம் அப்போதும் நீடித்தது. ஆகவே அன்று உங்களை உலுக்கிய காட்சியைப் பார்க்கப்போகிறீர்கள் என்றால் பகலில் பாருங்கள், ஒலியைக் குறைத்துப் பாருங்கள், யாராவது உடன் இருக்கட்டும். தனியாகப் பார்க்க வேண்டும் என்ற முந்தைய விதி இதற்குப் பொருந்தாது.

உங்கள் குழந்தைகளோடு பார்ப்பதானால்

முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். பிறகு அவர்களோடு உட்காரும்போது, இதோ வரப்போகிறது பார் என்று சொல்லாதீர்கள், திரையை விட்டுவிட்டு அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். தன் முகம் கவனிக்கப்படுகிறது என்று தெரிந்த குழந்தை பெற்றோரைத் திருப்திப்படுத்தச் சிரிக்கத் தொடங்கிவிடும். பாதியில் எழுந்து போனால் போகட்டும். அவர்களுக்கு வேறொரு படம் அந்த இடத்தில் இருக்கும், அது எது என்று இப்போது அவர்களுக்கே தெரியாது.

பார்க்காமல் வைப்பவை

எல்லாவற்றையும் மறுபடி பார்த்துத் தீர வேண்டும் என்பதில்லை. ஒரு படம் படத்துக்காக நினைவில் இருக்கிறதா, அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்காக நினைவில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது வகை என்றால், அவர் இப்போது இல்லை என்றால், குறிப்பை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளலாம். தேதி போட்டு, உறையில் இட்டு வைத்துவிட்டு, விருப்பம் வரும்போது பார்க்கலாம், வராவிட்டாலும் குறையில்லை.

என்னிடம் அப்படி ஒரு படம் இருக்கிறது. தாத்தாவோடு ஒரே ஒரு முறை பார்த்தது. இன்று தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும். அதைப் பற்றி இதுவரை பதினொரு பக்கம் எழுதியிருக்கிறேன். அவற்றில் கதை இரண்டு பக்கம்கூட வரவில்லை. கடைசிப் பக்கத்தில், அன்று அந்த அறையில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று பென்சிலால் வரைந்த ஒரு படம் இருக்கிறது.